இரண்டு வேகம், இரண்டு மணிக்கூடு

வினோஜா: கையை எடுங்கோ, சுபாஸ் அண்ணை. முதல் கையை வெளியிலை எடுங்கோ.

சுபாஸ்: இன்னும் உள்ளுக்கை வைக்கவே இல்லை.

வினோஜா: வைக்கப் பாத்தியள். நான் கண்டனான்.

சுபாஸ்: வயர்ப்பெட்டி மூடியைத்தான் கழட்டினனான். மெயின் சுவிச்சை நீங்கள்தானே போய் நிப்பாட்டினீங்கள்?

வினோஜா: ஓம். ரெண்டு தரம் பாத்தனான். குசினியிலை பிறிட்ஜும் நிண்டிட்டுது.

சுபாஸ்: பிறகு என்ன பயம்?

வினோஜா: பயம் என்னட்டைக் கேட்டுக்கொண்டே வருது?

சுபாஸ்: சரி, கறண்ட் பாக்கிற ரெஸ்ரர் வைச்சுக் காட்டுறன்... பாருங்கோ. எரியுதோ?

வினோஜா: இல்லை.

சுபாஸ்: இந்த வயர்... எரியுதோ?

வினோஜா: இல்லை... அந்த ரெஸ்ரர் வேலை செய்யுதோ எண்டு ஆர் பாத்தது?

சுபாஸ்: ஐயோ கடவுளே! மெயினை நிப்பாட்ட முதல் நான் பாத்தனான். எரிஞ்சது. இப்ப எரியேல்லை. போதுமோ?

வினோஜா: உங்கடை எமில்ராஜ் அண்ணையும் உப்பிடித்தானே சொன்னவராம். இப்ப அவருக்கு வலக்கையிலை மூண்டு விரல்.

சுபாஸ்: அந்தாள் ரெஸ்ரரே வைக்காமல் பல்லாலை வயர் கடிக்கிற ஆள். என்னை அவரோடை சேர்க்காதேங்கோ... ஒண்டு கேக்கட்டே?

வினோஜா: என்ன?

சுபாஸ்: ஏன் 'அண்ணை' எண்டு இவ்வளவு சத்தமாச் சொல்லுறியள்? பண்டத்தரிப்புச் சந்திக்கே கேக்குது.

வினோஜா: மேலை பாருங்கோ. தூணிலை.

சுபாஸ்: ...கமரா.

வினோஜா: அக்கா ரொறன்ரோவிலை இருந்து பாப்பா. சத்தமும் கேக்கும். போன கிழமை நான் இருமினதுக்கு, கோல் எடுத்து 'கொத்தமல்லி அவிச்சுக் குடி' எண்டவ.

சுபாஸ்: மெயினை நிப்பாட்டியும் அது முழிச்சிருக்கே?

வினோஜா: அது சோலர் பற்றரியிலை. கறண்ட் போனாலும் அத்தானுக்கு அங்கை இருந்து வீடு தெரியவேணுமாம். இன்ரநெற்றும் அந்தப் பற்றரியிலைதான்.

சுபாஸ்: பற்றரி எங்கை?

வினோஜா: கார் விடுற கராச்சுக்குள்ளை. ஏன்?

சுபாஸ்: சும்மா கேட்டனான். சரி, நான் நீச்சல் குளத்துப் பம்புக் குழிக்குள்ளை இறங்கிறன். ரோச்சைப் பிடியுங்கோ.

வினோஜா: உள்ளை தண்ணி நிக்குது.

சுபாஸ்: கணுக்காலளவுதான். பழைய பம்பைக் கழட்டேக்கை குழாயிலை நிண்டது வடிஞ்சிருக்கு. குருநகரிலை பிறந்தவனுக்குக் கணுக்கால் தண்ணியைக் காட்டிப் பயப்பிடுத்திறியளே?

வினோஜா: கடல்லை கறண்ட் இல்லை.

சுபாஸ்: இஞ்சையும் இல்லை... மெதுவா... ஆ, இறங்கிட்டன். புதுப் பம்ப் நல்ல பாரம். இன்னும் தரையிலை பூட்டேல்லை, முழங்காலாலை முட்டுக் குடுத்துத்தான் நிப்பாட்டியிருக்கிறன். ரோச்சை இஞ்சாலை... ஓம், அப்பிடியே. இப்பச் சொல்லுங்கோ. பழைய மோட்டர் எரிஞ்ச அண்டு என்ன நடந்தது?

வினோஜா: ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். விறாந்தையிலை இருந்தனான். முதல் ஒரு உறுமல். வழக்கமா அது உறுமாது. பிறகு கருகின மணம். ஓடி வந்தா, இந்தக் குழிக்குள்ளையிருந்து புகை. நான் கத்தினன், ஆருக்குக் கேக்கும்? மெயினை அடிச்சு நிப்பாட்டிப்போட்டு அந்தத் தென்னைக்குக் கீழை போய் நிண்டனான்.

சுபாஸ்: அண்டைக்கு மெயினை அடிச்ச உடனை நிண்டதோ?

வினோஜா: இல்லை... பிறகும் கொஞ்சநேரம் உறுமிக்கொண்டுதான் இருந்தது. பிறகுதான் அடங்கினது. நான் நினைச்சன், சுத்தினது சுத்தி முடிய வேணும்தானே எண்டு.

சுபாஸ்: ம்ம்... பம்பை நேரத்துக்கு எழுப்பிற ரைமர் ரெண்டு கிடக்கே, சுவரிலை. ஆர் எதைச் செற் பண்ணினது?

வினோஜா: முதலாவது மெல்லச் சுத்திறதுக்கு. அது என்ரை போனிலை. மத்தியானம் தொடங்கிப் பின்னேரம் ஆறு மட்டும் ஓடும். ரெண்டாவது கெதியாச் சுத்திறதுக்கு, வேப்பஞ்சருகெல்லாம் இழுக்க. அது அக்கான்ரை போனிலை. ஆறுக்குத் தொடங்கும்.

சுபாஸ்: ஒண்டு முடிய மற்றது. அப்பிடியெண்டாப் பிழை இல்லையே. இந்த மோட்டருக்குள்ளை மெல்லத்துக்கு ஒரு சுத்து வயர், கெதிக்கு ஒரு சுத்து வயர். ரெண்டுக்கும் ஒண்டாக் கறண்ட் போனாத்தான் எரியும். முதல் வயர் பண்ணினவன் அதுக்கு ஒரு தடுப்பும் போடேல்லை. ரைமரை மட்டும் நம்பி விட்டிருக்கிறான்.

வினோஜா: நீங்கள் என்ன செய்யப்போறியள்?

சுபாஸ்: இனி ஒரு ரைமர் பம்பை எழுப்ப மட்டும். மற்றது மெல்லமோ கெதியோ எண்டு சொல்ல மட்டும். நடுவிலை ஒரு சுவிச் வைப்பன். அது ஒரு பக்கத்தைப் பிடிச்சா மற்றப் பக்கத்தைத் தானா விட்டிடும். ஆர் எந்த நாட்டிலை இருந்து எதை அமத்தினாலும் ரெண்டும் ஒண்டா வராது. மாப்பிள்ளை வந்து ஆசை தீர நீந்தலாம்.

வினோஜா: ஆர் மாப்பிள்ளை?

சுபாஸ்: ஞாயிற்றுக்கிழமை வாறவர்.

வினோஜா: ஜெயசுதன் விடுமுறைக்கு வாறார். அத்தானுக்குச் சொந்தக்காரர். அவ்வளவுதான்.

சுபாஸ்: தாய் தகப்பனோடையே விடுமுறைக்கு வாறார்?

வினோஜா: வேலையைப் பாருங்கோ.

சுபாஸ்: பாக்கிறன்... போன் அடிக்குது.

வினோஜா: அக்கா! ...ஹலோ அக்கா. ஸ்பீக்கரிலை போடுறன், கை ரெண்டும் வேலை.

தக்சாயினி: வினோஜா, ஏன் பிள்ளை குழியை எட்டி எட்டிப் பாக்கிறாய்? கமராவிலை உன்ரை முதுகுதான் தெரியுது. விழுந்து கிழுந்து துலையப்போறாய். அந்தத் தம்பி வந்திட்டாரோ?

வினோஜா: வந்திட்டார். சுபாஸ் அண்ணை உள்ளுக்கை நிக்கிறார்.

சுபாஸ்: வணக்கம் அக்கா.

தக்சாயினி: வணக்கம் தம்பி. சனிக்கிழமைக்கிடையிலை முடிச்சுத் தந்திடும், என்ன? ஆக்கள் வரேக்கை தண்ணி பாசி பிடிச்சுக் கிடந்தா மரியாதை இல்லை. உம்மைப் பற்றி இவர் நல்லாச் சொன்னவர். சேச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன் எண்டாலும், வீட்டுக்குள்ளை நம்பி விடலாமாம்.

சுபாஸ்: ...ஓம் அக்கா. நம்பி விடலாம்.

வினோஜா: அக்கா, வேலைக்கு வெளிக்கிடேல்லையே?

தக்சாயினி: வெளிக்கிட்டுக்கொண்டுதான் நிக்கிறன். ஏழு மணி தாண்டிட்டுது. தேத்தண்ணி கூட இன்னும் குடிக்கேல்லை.

வினோஜா: ஏழு மணியோ? போன கிழமை இந்த நேரம் உங்களுக்கு ஆறு மணி எல்லே?

தக்சாயினி: ஞாயிறு காலமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. ஒவ்வொரு பங்குனியும் இந்தக் கூத்துத்தானே. ஒரு மணித்தியால நித்திரை போச்சு.

சுபாஸ்: பொறுங்கோ... பொறுங்கோ அக்கா. ஞாயிறு எண்டோ சொன்னனீங்கள்?

தக்சாயினி: ஓம். ஏன்?

சுபாஸ்: கெதி ரைமரை உங்கடை போனிலை எத்தினை மணிக்கு வைச்சனீங்கள்?

தக்சாயினி: அங்கத்தை பின்னேரம் ஆறுக்கு.

சுபாஸ்: உங்கடை மணிக்கூட்டிலை?

தக்சாயினி: ஏழரை. காலமை ஏழரை. மாசியிலை கணக்குப் பாத்து வைச்சனான். பிழையோ?

சுபாஸ்: பிழை இல்லை அக்கா. ஆனா ரைமர் உங்கடை ஊர் மணிக்கூட்டைப் பாத்து எழும்புது. உங்கடை மணிக்கூடு ஞாயிறு தள்ளினது. எங்கடை தள்ளேல்லை. அப்ப உங்கடை ஏழரை இப்ப எங்கடை ஆறு இல்லை. எங்கடை அஞ்சு.

வினோஜா: அப்ப மெல்லம் ஆறு மட்டும் ஓட... கெதி அஞ்சுக்கே...

சுபாஸ்: ரெண்டும் ஒண்டா இழுத்திருக்கு. அதுதான் உறுமினது. அதுதான் எரிஞ்சது.

தக்சாயினி: ஐயோ... நானோ எரிச்சனான்? இவர் கடைக்காரனை எல்லே திட்டிக்கொண்டு திரியிறார்!

சுபாஸ்: உங்களிலை பிழை இல்லை அக்கா. தடுப்பு இல்லாமல் வயர் பண்ணினவனிலைதான் பிழை. இப்ப பழைய வயரைக் கழட்டிட்டன். ரெண்டு நுனியும் கையிலை கிடக்கு. மெல்லம் இடக்கையிலை, கெதி வலக்கையிலை...

வினோஜா: சுபாஸ் அண்ணை.

சுபாஸ்: ம்?

வினோஜா: மெயின் நிண்டிட்டுதெல்லே?

சுபாஸ்: அதைத்தானே நீங்கள்...

வினோஜா: அப்ப ஏன் ரெண்டாவது ரைமரிலை பச்சை லைற் எரியுது?

சுபாஸ்: எந்த ரைமர்?

வினோஜா: சுவரிலை. முதலாவது செத்துக் கிடக்கு. ரெண்டாவதிலை சின்னப் பச்சை. வெயில் சரிய இப்பத்தான் தெரியுது. பச்சை எண்டா உயிரோடை இருக்கு, வேலை செய்யேல்லை எண்டெல்லே அர்த்தம்?

சுபாஸ்: அசையாதேங்கோ. ரோச்சை அப்பிடியே பிடியுங்கோ.

தக்சாயினி: என்ன? என்ன நடக்குது அங்கை?

சுபாஸ்: அந்த ரைமருக்குக் கமரா லைனிலையிருந்து கறண்ட் எடுத்திருக்கிறான். பற்றரியிலையிருந்து. அதுதான் அண்டைக்கு மெயினை அடிச்சும் நிக்காமல் உறுமினது.

வினோஜா: ரெஸ்ரர் எரியேல்லையே!

சுபாஸ்: ரைமர் இப்ப ஓஃப். அதாலை வயரிலை ஒண்டும் இல்லை. அது ஓன் ஆனா...

வினோஜா: வலக்கையிலை இருக்கிறது எது?

சுபாஸ்: ...கெதி.

வினோஜா: விடுங்கோ! இப்பவே விடுங்கோ!

சுபாஸ்: விட்டாத் தண்ணிக்குள்ளை விழும். தண்ணிக்குள்ளைதான் நான் நிக்கிறன்.

வினோஜா: மேலை ஏறுங்கோ!

சுபாஸ்: ஏணி இரும்பு. கை ரெண்டிலையும் வயர். பம்ப் முழங்காலிலை சாய்ஞ்சு கிடக்கு. காலை எடுத்தா எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு சரியும். கத்தாதேங்கோ, யோசிக்க விடுங்கோ... மணி என்ன?

வினோஜா: அஞ்சுக்குப் பத்து... இல்லை, பத்தும் இல்லை.

தக்சாயினி: இஞ்சை ஏழு இருபது தாண்டிட்டுது. ஐயோ முருகா, அப்ப இப்ப அது...

சுபாஸ்: ஓம் அக்கா. இப்ப எழும்பும்.

வினோஜா: நான் ஓடிப்போய்ப் பற்றரியை நிப்பாட்டிறன்!

சுபாஸ்: கராச் கதவு?

வினோஜா: அது... அது சுவிச்சிலை உருளுற கதவு. மெயின் போட்டாத்தான் திறக்கும்.

சுபாஸ்: மெயினைத் தொடாதேங்கோ! மெயின் வந்தா முதலாவது ரைமர் எழும்பும். அதின்ரை நேரம் ஆறு மட்டும் கிடக்கு. இடக்கையிலை வரும்.

வினோஜா: அப்ப ரெண்டு பக்கமும்... நான் என்ன செய்ய? என்ன செய்ய, சொல்லுங்கோவன்!

தக்சாயினி: எடி அழாதை. நான் இஞ்சை இருந்து போனிலை நிப்பாட்டிறன். இந்தா, திறந்திட்டன். வட்டம் ஒண்டு கிடக்கு. ஒரு அமத்து, ஓஃப்...

சுபாஸ்: அக்கா வேண்டாம்!

வினோஜா: தொடாதை! அக்கா தொடாதை! அது ஓஃப்பிலைதான் கிடக்கு! தொட்டா ஓன்!

தக்சாயினி: என்னடி...

வினோஜா: கையை எடு! போனிலையிருந்து கையை எடு அக்கா! ஐயோ... இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒண்டும் இல்லையே?

சுபாஸ்: இல்லை... இல்லை. பச்சையோ?

வினோஜா: பச்சை.

தக்சாயினி: நான் அமத்தேல்லை. விரல் கிட்டப் போனது... அமத்தேல்லை. சத்தியமா.

சுபாஸ்: நல்லது அக்கா. மூச்சை விடுங்கோ. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ. அந்த வட்டத்தை மறந்திடுங்கோ. வட்டத்துக்குக் கீழை என்ன கிடக்கு?

தக்சாயினி: மூண்டு சின்னப் படம். கண்ணாடி போடேல்லை நான்... பொறும்... ஒண்டு மணிக்கூடு.

சுபாஸ்: அந்த மணிக்கூட்டிலை மட்டும் மெதுவாத் தொடுங்கோ.

தக்சாயினி: தொட்டிட்டன். ஒரு வரி வந்திருக்கு. ஏழரை எண்டு கிடக்கு.

சுபாஸ்: அந்த வரியை இடப்பக்கம் இழுங்கோ. சிவப்பிலை ஒண்டு வரும்.

தக்சாயினி: வரேல்லை... வரேல்லை... ஆ, வந்திட்டுது. குப்பைக்கூடை மாதிரி.

சுபாஸ்: அதை அமத்துங்கோ.

வினோஜா: அதோ? நிச்சயமாவோ? அக்கா பொறுங்கோ, வடிவாப் பாருங்கோ, வேறை ஏதும்...

சுபாஸ்: வினோஜா. பேசாமல் நில்லும். அமத்துங்கோ அக்கா.

தக்சாயினி: அமத்தினன்... சுத்துது.

சுபாஸ்: என்ன சுத்துது?

தக்சாயினி: திரையிலை. வட்டமாச் சுத்திக்கொண்டே நிக்குது. ஒண்டும் வரேல்லை.

வினோஜா: மணி என்ன? அக்கா, உங்கை மணி என்ன?

தக்சாயினி: இருபத்தொன்பது.

வினோஜா: மாதாவே... பிள்ளையாரப்பா... ஆராவது...

சுபாஸ்: ரோச்சை ஆட்டாதையும். என்ரை முகத்திலை அடியாமல் வயரிலை அடியும்.

வினோஜா: எனக்கு உங்கடை முகம் தெரியவேணும்!

சுபாஸ்: தெரியுதெல்லே. இந்தா, பாரும். சிரிக்கிறன்.

வினோஜா: சிரிக்காதேங்கோ.

தக்சாயினி: நிண்டிட்டுது! சுத்தினது நிண்டிட்டுது. அந்த வரியைக் காணேல்லை. வெறுமையாக் கிடக்கு.

சுபாஸ்: ரைமருக்கும் போய்ச் சேந்திருக்க வேணும். இல்லையெண்டா அது தன்ரை பாட்டிலை எழும்பும். வினோஜா, கண்ணை எடுக்காமல் பச்சையைப் பாரும்.

வினோஜா: பாக்கிறன்.

தக்சாயினி: ...ஏழரை.

சுபாஸ்: வினோஜா?

வினோஜா: பச்சை... பச்சைதான்... பச்சைதான் நிக்குது.

சுபாஸ்: இன்னும் கொஞ்சம் பாரும்.

வினோஜா: பச்சை.

தக்சாயினி: முப்பத்தொண்டு ஆச்சுது தம்பி.

சுபாஸ்: சரி. அக்கா, இனி அந்தப் போனிலை ஒரு இடமும் தொடாதேங்கோ. மேசையிலை வைச்சிட்டு எட்ட நிண்டு கதையுங்கோ. பூனை கீனை இருந்தாலும் துரத்துங்கோ.

தக்சாயினி: வைச்சிட்டன். குசினி மூலையிலை நிக்கிறன்.

சுபாஸ்: வினோஜா, அந்தக் கொடிக்கயித்திலை ரெண்டு உடுப்புக் கிளிப் எடுத்து வாரும். பிளாஸ்ரிக். ஓடாமல் நடந்து போம்.

வினோஜா: இந்தா... இந்தாங்கோ. நான் பிடிக்கட்டே?

சுபாஸ்: நீர் வயரைத் தொடக்கூடாது. கிளிப்பை விரிச்சு உந்தப் பிளாஸ்ரிக் குழாயிலை வையும்... ஓம், நான் வயரை அதுக்குள்ளை சொருகிறன். விடும். பிடிச்சிட்டுது. மற்றது... ம்ம். நல்லது. இப்ப பம்பை நிமித்திறன்... தள்ளி நில்லும். ஏணி...

வினோஜா: கையைத் தாங்கோ. ஈரக்கையெண்டாலும் தாங்கோ.

சுபாஸ்: வழுக்கும். இறுக்கிப் பிடியும்.

வினோஜா: பேசாமல் வெளியிலை வாங்கோ.

தக்சாயினி: மேலை வந்திட்டாரோ?

சுபாஸ்: வந்திட்டன் அக்கா. புல்லிலை இருக்கிறன். இனிக் கராச்சைத் திறந்து பற்றரியையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் ஒரு வயரைத் தொடுவன்.

தக்சாயினி: இண்டைக்கு ஒண்டையும் தொடவேண்டாம். பூல் பாசி பிடிச்சாப் பிடிக்கட்டும்... வினோஜா.

வினோஜா: ஓம் அக்கா.

தக்சாயினி: பின்னேரம் முழுக்க 'சுபாஸ் அண்ணை, சுபாஸ் அண்ணை' எண்டனீ.

வினோஜா: ...ஓம்.

தக்சாயினி: பயத்திலை உயிர் போக 'இஞ்சாருங்கோ' எண்டு கத்தினனீ. அம்மா அப்பாவைக் கூப்பிடுறது அப்பிடித்தான். நான் உன்ரை அத்தானைக் கூப்பிடுறதும் அப்பிடித்தான். வேறை ஆரையும் ஆரும் அப்பிடிக் கூப்பிட்டு நான் கேக்கேல்லை.

சுபாஸ்: அக்கா, நான் சொல்லுறன்...

தக்சாயினி: நீர் இருந்து மூச்சை எடும் தம்பி. நான் அவளைத்தான் கேக்கிறன்.

வினோஜா: கோபிக்காதேங்கோ அக்கா.

தக்சாயினி: கோபிக்க எனக்குத் தென்பில்லை. ஜெயசுதன் வீட்டுக்காரர் சும்மா விடுமுறைக்கு வரேல்லை, வினோஜா. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். தாலிக்குப் பொன்னுருக்கிறதுக்கு நாளும் வைச்சாச்சு. கேட்டா மாட்டன் எண்டுவாய் எண்டு பயந்து, உன்னைக் கேக்காமலே...

வினோஜா: நாங்களும் அந்தப் பயத்திலைதான் அக்கா, உங்களைக் கேக்காமலே கார்த்திகையிலை நெல்லியடிக்குப் போய்க் கலியாண எழுத்து வைச்சிட்டம். இவர் என்ரை மனிசன்.